பேருந்து வீட்டுக்கு இன்வெர்ட்டர்: வாட்டைப் பார்க்கும் முன் ஆம்பியரைக் கணக்கிடுங்கள்

அமெரிக்காவில் பழைய பள்ளிப் பேருந்தை ஏலத்தில் எடுத்து, இருக்கைகளைக் கழற்றி, ஓடும் வீடாக மாற்ற நினைக்கும் நண்பர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "3000 வாட் இன்வெர்ட்டர் வாங்கலாமா?" என்பதுதான். அந்தப் பெட்டியின் பின்னால் எவ்வளவு தடிமனான கேபிள் வேண்டும், அந்தக் கேபிளை எந்த ஃபியூஸ் காக்கும், பேட்டரியால் அவ்வளவு கொடுக்க முடியுமா என்பதையெல்லாம் யாரும் முதலில் கேட்பதில்லை. 12 வோல்ட் தொட்டால் அடிக்காது, ஆகவே ஆபத்தில்லை என்ற நம்பிக்கை பலருக்கும் இருக்கிறது. பேருந்து வீட்டில் தீப்பிடிக்க வைக்கக்கூடியது அந்த 12 வோல்ட் பக்கம்தான். அதனால் இந்த விளக்கத்தில் அதற்கே அதிக இடம் கொடுக்கிறேன்.

கணக்குகள் அமெரிக்காவின் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் முறைக்கானவை. 230 வோல்ட் உள்ள நாடுகளில் இருப்பவர்களுக்கு வெளியீட்டுப் பக்கம் மாறும். பேட்டரி பக்கக் கணக்கு அப்படியே பொருந்தும்.

படி 1: ஒரே நேரத்தில் எவை ஓடும்?

வீட்டில் உள்ள எல்லாச் சாதனங்களின் வாட்டையும் கூட்ட வேண்டாம். ஒரே சமயத்தில் ஓடக்கூடியவற்றை மட்டும் கூட்டுங்கள். 110 வோல்ட் மிக்ஸி 550 வாட், சின்ன ரைஸ் குக்கர் 500 வாட், மடிக்கணினி 60 வாட். மைக்ரோவேவில் ஏமாந்துவிடாதீர்கள். "1000 வாட்" என்று போட்டிருப்பது உணவுக்குப் போகும் சக்தி. சுவரிலிருந்து அது இழுப்பது ஏறக்குறைய 1500 வாட். பின்புறத் தகட்டில் இருக்கும் எண்ணைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். இந்தியாவிலிருந்து கொண்டுவந்த 230 வோல்ட் மிக்ஸியும் கிரைண்டரும் இந்தப் பட்டியலிலேயே வராது.

மைக்ரோவேவ் ஓடும்போது மிக்ஸியைப் போடுவதில்லை என்று வீட்டில் ஓர் ஒழுங்கு இருந்தால், 2000 வாட் இன்வெர்ட்டர் ஒரு குடும்பத்துக்குப் போதும். கூரை ஏசியையும் பேட்டரியில் ஓட்ட வேண்டும் என்றால் அது வேறு திட்டம், வேறு செலவு. தொடக்கக்காரர்கள் அதை வெளி மின் இணைப்புக்கும் ஜெனரேட்டருக்கும் விட்டுவிடுவதே நல்லது.

படி 2: 12 வோல்ட்டா, 24 வோல்ட்டா?

இன்வெர்ட்டரின் திறன் சுமார் 90 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 2000 வாட் வெளியே வர, பேட்டரியிலிருந்து 2220 வாட் போக வேண்டும். 12 வோல்ட்டில் அது 185 ஆம்பியர். 24 வோல்ட்டில் 93 ஆம்பியர். அதே 3000 வாட் என்றால் 12 வோல்ட்டில் 278 ஆம்பியர். காரை ஸ்டார்ட் செய்யும் மோட்டார் ஓரிரு நொடிக்கு இழுக்கும் அளவை, நீங்கள் சமையல் முடியும்வரை இழுத்துக்கொண்டிருப்பீர்கள்.

என் கருத்து இது: 2000 வாட் வரை 12 வோல்ட். அதற்கு மேல் போனால் 24. பள்ளிப் பேருந்தின் எஞ்சின் பக்கம் 12 வோல்ட் என்பதால் வீட்டுப் பேட்டரியை 24 வோல்ட்டில் அமைத்தால் ஆல்டர்னேட்டரிலிருந்து சார்ஜ் செய்ய வோல்ட்டை உயர்த்தித் தரும் சார்ஜர் வேண்டும். நெடுந்தூரப் பயணிகள் பேருந்துகளில் பலவற்றில் எஞ்சின் பக்கமே 24 வோல்ட்தான். அவர்களுக்கு முடிவு எளிது. எதுவானாலும் எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் பேட்டரியில் இன்வெர்ட்டரை மாட்டாதீர்கள்.

படி 3: பேட்டரியால் கொடுக்க முடியுமா?

100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி ஒன்றை வாங்கி 2000 வாட் இன்வெர்ட்டரை மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பேட்டரியின் உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சுற்று பெரும்பாலும் 100 ஆம்பியருக்கு மேல் தொடர்ந்து விடாது. மைக்ரோவேவை அழுத்தியதும் மொத்த வீடும் அணைந்துபோகும். பழுது எங்கும் இல்லை. கேட்டது அதிகம், அவ்வளவுதான். 185 ஆம்பியர் வேண்டுமென்றால் இப்படிப்பட்ட பேட்டரி குறைந்தது இரண்டை இணையாகப் போட வேண்டும்.

இன்வெர்ட்டர் சும்மா இருக்கும்போதும் தின்னும். பெரிய பெட்டிகள் 20 முதல் 40 வாட் வரை எடுத்துக்கொள்ளும். 25 வாட் என்றாலே ஒரு நாளைக்கு 600 வாட்-மணி. 12 வோல்ட்டில் 50 ஆம்பியர்-மணி. ஒரு பேட்டரியில் பாதி, எதுவுமே செய்யாமல் போய்விடும். தேவைக்கு மிஞ்சிய பெரிய இன்வெர்ட்டரை வாங்காதீர்கள் என்று நான் சொல்வதற்கு இதுதான் முதல் காரணம். சமையலறையில் கைக்கெட்டும் இடத்தில் அதன் ரிமோட் சுவிட்சைப் பொருத்துங்கள்.

படி 4: எந்த வகை?

தூய சைன் அலை, அதாவது வீட்டு மின்சாரத்தைப் போலச் சீராக ஏறி இறங்கும் அலை, தரும் வகை மட்டுமே. விலை குறைந்த "மாடிஃபைடு சைன்" பெட்டிகளில் மோட்டார்கள் உறுமும், சூடாகும். மைக்ரோவேவ் சோர்ந்து சுற்றும். இண்டக்‌ஷன் அடுப்பு பல சமயம் வேலையே செய்யாது. பெட்டியில் யுஎல் 458 சான்று இருக்கிறதா என்று பாருங்கள். அது வாகனங்களிலும் படகுகளிலும் பொருத்தும் இன்வெர்ட்டர்களுக்கான அமெரிக்கத் தரம்.

வசதி இருந்தால் சார்ஜரும் மாற்றுச் சுவிட்சும் உள்ளேயே அமைந்த இன்வெர்ட்டர்-சார்ஜரை வாங்குங்கள். ஏன் என்பது படி 7-இல் புரியும்.

படி 5: இடம்

பேட்டரிக்கு அருகில். 185 ஆம்பியர் ஓடும்போது, 2/0 அளவுக் கேபிள் (அமெரிக்க கேஜ் முறையில் மிகத் தடிமனான ஓர் அளவு) ஒரு பக்கம் ஒன்றரை மீட்டர் என்றால் இழப்பு சுமார் 0.15 வோல்ட். ஐந்து மீட்டர் என்றால் அரை வோல்ட். 12-இல் அது 4 சதவீதம், முழுக்க வெப்பமாகப் போகிறது. பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டர் வரை குட்டையாக இருக்கட்டும். 120 வோல்ட் வயர் எவ்வளவு நீண்டாலும் பரவாயில்லை. அமிலம் ஊற்றும் பழைய வகைப் பேட்டரியாக இருந்தால் அதே பெட்டிக்குள் இன்வெர்ட்டரை வைக்கக் கூடாது. சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளிவரும்; ஒரு பொறி போதும். காற்றோட்டம் தாராளமாக வேண்டும்.

படி 6: பேட்டரி பக்க வயரிங்

பாசிட்டிவ் வரிசை: பேட்டரி, ஃபியூஸ், துண்டிப்புச் சுவிட்ச், இன்வெர்ட்டர். நெகட்டிவ் வரிசை: பேட்டரி, பேட்டரி மானிட்டரின் ஷண்ட் (ஓடும் மின்னோட்டத்தை அளக்கும் துண்டு), பஸ்பார் (பல வயர்கள் சேரும் செம்புப் பட்டை), இன்வெர்ட்டர். எந்த நெகட்டிவ் வயரும் ஷண்டைத் தாண்டி நேராகப் பேட்டரிக்குப் போகக் கூடாது. போனால் மானிட்டர் காட்டும் எண் பொய். பஸ்பாரிலிருந்து பேருந்தின் இரும்புச் சட்டத்துக்கு (சேஸிஸ்) ஒரே ஓர் இணைப்பு. இன்வெர்ட்டரின் உலோக உடலிலிருந்தும் சட்டத்துக்கு ஒரு கேபிள் போக வேண்டும். இதை மெல்லியதாகப் போட்டு மிச்சம் பிடிக்காதீர்கள்: பாசிட்டிவ் உள்ளே உடலைத் தொட்டுவிட்டால், ஃபியூஸ் உருகும்வரை மொத்த மின்னோட்டத்தையும் இது தாங்க வேண்டும்.

12 வோல்ட், 2000 வாட் என்றால் 2/0 செம்புக் கேபிள், 250 ஆம்பியர் ஃபியூஸ். லித்தியம் பேட்டரி என்றால் ஃபியூஸ் கிளாஸ் டி (Class T) வகையாக இருக்க வேண்டும். ஷார்ட் சர்க்யூட் ஆகும்போது லித்தியம் ஆயிரக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். மலிவான ஃபியூஸ் உருகினாலும் இடைவெளியில் தீப்பொறி வில்லாக நீடித்து மின்சாரத்தை விட்டுக்கொண்டே இருக்கலாம். கிளாஸ் டி 20,000 ஆம்பியர் வரை அறுத்து நிறுத்தும். அதைப் பேட்டரி முனைக்கு எவ்வளவு கிட்டே வைக்க முடியுமோ அவ்வளவு கிட்டே வையுங்கள். படகுகளுக்கான அமெரிக்கத் தரம் 7 அங்குலம் என்கிறது, நான் பேருந்துக்கும் அதையே பின்பற்றுகிறேன். ஃபியூஸுக்கு முன்னால் இருக்கும் கேபிளைக் காப்பாற்ற யாருமில்லை.

இனி லக், அதாவது கேபிள் முனையில் மாட்டும் துளையுள்ள உலோக முனை. கேபிளின் உறையை லக்கின் குழாய் நீளத்துக்கு மட்டும் சீவுங்கள். ஒரு இழை கூட வெட்டுப்படக் கூடாது. இழைகளைக் கடைசிவரை தள்ளி, அறுகோண அச்சு உள்ள ஹைட்ராலிக் கிரிம்ப் கருவியால் அழுத்துங்கள். சுத்தியலால் அடித்து அமுக்குவது, ஈயத்தை மட்டும் நம்புவது இரண்டும் வேண்டாம். பிறகு உள்ளே பசையுள்ள சுருங்கு குழாயை மேலே ஏற்றிச் சூடாக்குங்கள். போல்ட்டில் மாட்டும்போது முதலில் லக், அதன் மேல் வாஷர், பிறகு நட். வாஷரை லக்குக்கும் முனைக்கும் நடுவில் மாட்டியிருப்பதைப் பல பேருந்துகளில் பார்த்திருக்கிறேன். துருப்பிடிக்காத எஃகு செம்பைப் போல மின்சாரத்தைக் கடத்தாது. அந்தச் சின்ன வளையம் அடுப்பாக மாறி, பிளாஸ்டிக் முனையையே உருக்கிவிடும். தயாரிப்பாளர் சொன்ன முறுக்கு அளவில் டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள்.

படி 7: 120 வோல்ட் பக்கம்

இங்கே துணிச்சல் போதாது. உறுதியாகத் தெரியாவிட்டால் உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனை அழையுங்கள்.

இன்வெர்ட்டரின் வெளியீட்டில் வெளி மின்சாரம் ஒரு நொடி கூட நுழையக் கூடாது. நுழைந்தால் பெட்டி அங்கேயே எரியும். ஆகவே இரண்டில் ஒன்று மட்டும் இணையும்படி மாற்றுச் சுவிட்ச் கட்டாயம். நியூட்ரலும் எர்த்தும் ஓரிடத்தில் மட்டுமே சேர வேண்டும். வெளி இணைப்பில் இருக்கும்போது அது முகாம் இடத்தின் மின் வழங்கல் பக்கத்தில் சேர்ந்திருக்கும். பேட்டரியில் ஓடும்போது இன்வெர்ட்டருக்குள் சேர வேண்டும். பேருந்தின் பிரேக்கர் பெட்டியில் ஒருபோதும் சேரக் கூடாது. வாகனத்துக்கென்று செய்த இன்வெர்ட்டர்-சார்ஜர் பெரும்பாலும் இதை உள்ளிருக்கும் ரிலே மூலம் தானே செய்துகொள்ளும்.

தனியாகச் சார்ஜர் வைத்திருப்பவர்கள் அதை இன்வெர்ட்டர் வெளியீட்டில் மாட்டக் கூடாது. பேட்டரி இன்வெர்ட்டரை ஓட்ட, இன்வெர்ட்டர் சார்ஜரை ஓட்ட, சார்ஜர் அதே பேட்டரியை நிரப்பப் பார்க்க, விடிவதற்குள் பேட்டரி காலி.

20 ஆம்பியர் பிரேக்கருக்கு 12 கேஜ் வயர், 30-க்கு 10 கேஜ் (கேஜ் எண் குறைந்தால் வயர் தடிமன் கூடும்). சமையலறைப் பிளக்குகளுக்கு ஜிஎஃப்சிஐ (மின்கசிவைக் கண்டதும் துண்டிக்கும்) பாதுகாப்பு. இன்னொன்று: 30 ஆம்பியர் முகாம் பிளக் 120 வோல்ட்டுக்கானது. வீடுகளில் அதைப் பொருத்தும் சிலர் துணி உலர்த்தும் இயந்திரத்தின் பிளக் என்று நினைத்து 240 வோல்ட் கொடுத்துவிடுகிறார்கள். நண்பர் வீட்டு வாசலில் நிறுத்தினாலும் மல்டிமீட்டரால் அளந்த பிறகே சொருகுங்கள்.

படி 8: முதல் முறை இயக்குதல்

இன்வெர்ட்டருக்குள் மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் பெரிய கபாசிட்டர்கள் வெறுமையாக இருக்கும். நேராக இணைத்தால் பளீரென்று பொறி பறக்கும், லித்தியத்தின் பாதுகாப்புச் சுற்றும் விழலாம். துண்டிப்புச் சுவிட்ச் அணைந்த நிலையில் இருக்க, அதன் இரு முனைகளுக்கும் குறுக்கே 25 ஓம், 50 வாட் மின்தடை ஒன்றைச் சில நொடிகள் பிடித்துவிட்டுப் பிறகு சுவிட்சைப் போடுங்கள்.

முதலில் ஒரு விளக்கு. பிறகு ரைஸ் குக்கர். கடைசியாக மைக்ரோவேவில் ஒரு பாத்திரம் தண்ணீர் வைத்து, அது ஓடும்போது பேட்டரி முனைகளில் வோல்ட்டை அளந்து பாருங்கள். உடனே இன்வெர்ட்டர் முனைகளிலும் அளந்து பாருங்கள். வித்தியாசம் 0.3 வோல்ட்டுக்கு மேல் போனால் எங்கோ ஓர் இணைப்பு மோசம். மீட்டரின் ஒரு முள்ளைக் கேபிள் லக்கிலும் மற்றதை அது உட்காரும் போல்ட்டிலும் வைத்து, பாசிட்டிவ் வரிசை முழுக்க ஒவ்வொன்றாக நகருங்கள், பிறகு நெகட்டிவ் வரிசை. மற்றவை சில மில்லிவோல்ட் காட்டும்போது ஒன்று மட்டும் பெரிதாகக் காட்டும். அதை அவிழ்த்து, சுத்தம் செய்து, மறுபடி இறுக்குங்கள். சில நூறு மைல் சாலைக் குலுங்கலுக்குப் பிறகு இதே சோதனையை இன்னொரு முறை செய்யுங்கள்.