தெக்கத்தியா, வடக்கத்தியா: கேலி பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் அக்காளைப் பாளையங்கோட்டையிலிருந்து ஆரணியில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். இரு வீட்டாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்தால், முதல் கவளம் வாய்க்குப் போகும் முன்பே தெற்கா வடக்கா என்ற வழக்கு தொடங்கிவிடும். எனக்கு அந்த வழக்கு மிகவும் பிடிக்கும். விவரம் தெரியாமல் பேசி அதைக் கெடுப்பவர்கள் மீதுதான் வருத்தம்.

வடக்கே இருப்பவர்கள் பெரும்பாலும் செய்யும் தவறு, திருச்சியைத் தாண்டினால் எல்லாமே மதுரை என்று நினைப்பது. மதுரையிலிருந்து திருநெல்வேலிக்கே 150 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். குற்றாலத்துச் சாரல், கோவில்பட்டிக் கரிசல், திருச்செந்தூர்ப் பக்கத்துச் செம்மணல் தேரி எல்லாம் அந்தத் தெற்கில்தான் இருக்கின்றன. நெல்லைக்காரரிடம் போய் ஜிகர்தண்டாவைப் புகழாதீர்கள். அது மதுரையின் பெருமை. சொதியைப் பற்றிக் கேளுங்கள். தேங்காய்ப் பாலில் பாசிப்பருப்பும் காய்களும் சேர்த்து, இஞ்சித் துவையலோடு, கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குப் பரிமாறுவது அது. கேட்டுவிட்டால் அவர் பேச்சை நிறுத்தமாட்டார்.

அடுத்தது 'ஏலே'. எங்கள் பேச்சைப் பழித்துக் காட்ட விரும்புகிறவர்கள் முதலில் பிடித்துக்கொள்ளும் சொல் இதுதான். அதை இளையவரிடமும் ஒத்த வயதுக்காரரிடமும் மட்டுமே சொல்லலாம். அத்தான் மறுவீட்டுக்கு வந்தபோது, உரிமையாகப் பேசுவதாக நினைத்து என் அப்பாவிடமே 'என்னலே மாமா' என்றார். கூடத்தில் ஒரு நிமிடம் யாரும் வாய் திறக்கவில்லை. அப்பா சிரித்த பிறகுதான் எல்லாருக்கும் மூச்சு வந்தது. பெரியவர்களை 'அண்ணாச்சி' என்று அழையுங்கள். அதுவும் மளிகைக் கடைக்காரருக்கு மட்டும் உரிய பெயர் அல்ல, மூத்தவருக்குத் தரும் மரியாதை.

தெற்கத்தியர்கள் செய்யும் தவறுகளும் குறைவில்லை. சென்னைத் தமிழ் தமிழே இல்லை என்று சொல்வதை என்னால் பொறுக்க முடியாது. நாஷ்டா, பேஜார் உருதுவிலிருந்து வந்தவை. நைனா தெலுங்கு. 1639-க்குப் பிறகு கோட்டையைச் சுற்றி வளர்ந்த துறைமுக ஊரில் பல மொழிக்காரர்கள் அருகருகே உழைத்துப் பிழைத்ததற்கு அந்தச் சொற்களே சாட்சி. நாம் மட்டும் என்ன? நாள் தவறாமல் நாம் சொல்லும் 'துட்டு', டச்சுக்காரர்களின் நாணயப் பெயரிலிருந்து வந்தது. 1658-இல் தூத்துக்குடியைப் பிடித்தவர்கள் அவர்கள்தானே!

உடையில் சண்டையே வேண்டாம். சென்னையில் லுங்கி, மதுரையில் கைலி, எங்களுக்குச் சாரம், துணி ஒன்றுதான்.

தெற்கத்தியர்களின் பெரிய தவறு, வடக்கு என்றால் சென்னை என்று முடித்துக்கொள்வது. ஆம்பூர் பிரியாணியும் அதோடு வரும் கத்திரிக்காய்த் தொக்கும் வடக்குதான். மிளகும் சீரகமும் சுக்கும் மணக்கும் காஞ்சிபுரம் இட்லியும் வடக்குதான். எங்கள் பக்கத்துக் கோயில் திருவிழாவுக்குக் கொடை என்று பெயர். 'அங்கே கொடை உண்டா, வில்லுப்பாட்டு உண்டா' என்று என் அப்பாவும் பல வருடம் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு கோடையில் சம்பந்தி அவரை ஆரணிப் பக்கத்துத் திரௌபதி அம்மன் திருவிழாவுக்கு அழைத்துப் போனார். விடிய விடியத் தெருக்கூத்து. காலையில் படுகளம்: திடலில் மண்ணால் செய்து கிடத்திய பிரம்மாண்டமான துரியோதனன், அவன் தொடையைப் பிளக்க வரும் பீமன், சுற்றிலும் ஊர்ச் சனம். அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்து காப்பி குடித்து முடித்த பிறகு சம்பந்தியிடம் சொன்னார்: "அடுத்த கொடைக்கு நீங்கள் அவசியம் எங்கள் ஊருக்கு வர வேண்டும். வில்லுப்பாட்டில் சுடலைமாடன் சாமி கதை முழுதும் கேட்டுவிட்டுத்தான் அனுப்புவேன்."