நாளை முதல் நடைப்பயிற்சி: முதலில் ஒரு தாளை எடுங்கள்

உடற்பயிற்சி நல்லது என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்திருந்தும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புவதில்லை. உடனே 'எனக்கு மன உறுதி போதாது' என்று நம்மை நாமே திட்டிக்கொள்கிறோம். பழி அங்கே போவது சரியல்ல என்பது என் கருத்து.

2002இல் பிரிட்டனில் மாணவர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. வாரத்தில் ஒருமுறையாவது 20 நிமிடம் நன்றாக உடற்பயிற்சி செய்ய வேண்டும், அவ்வளவுதான். இதய நோய் பற்றிய தகவலைப் படித்த குழுவில் 35 சதவீதம் பேரே செய்தார்கள். அந்தத் தகவலைப் படிக்காதவர்களில் 38 சதவீதம். தகவலைப் படித்ததோடு எந்த நாள், எத்தனை மணி, எந்த இடம் என்றும் எழுதிவைத்தவர்களில் 91 சதவீதம் பேர் செய்து முடித்தார்கள். பயமுறுத்தல் தனியாக நின்று எதையும் சாதிக்கவில்லை.

படி 1: எழுதுங்கள். 'தினமும் நடப்பேன்' என்பது வெறும் ஆசை. 'காலையில் காபி குடித்து டம்ளரைக் கழுவி வைத்ததும், தெருமுனைப் பூங்காவில் பத்து நிமிடம் நடப்பேன்' என்பதே திட்டம். ஏற்கெனவே தவறாமல் நடக்கும் ஒரு வேலையின் வாலில் இதைக் கட்டிவிடுங்கள். நினைவூட்ட அலாரம் தேவைப்படாது.

படி 2: தடையையும் எழுதுங்கள். 'மழை பெய்தால், மொட்டைமாடிப் படிக்கட்டில் ஐந்து முறை ஏறி இறங்குவேன்.' தடை வந்த பிறகு யோசித்தால் போர்வைதான் ஜெயிக்கும். (முழங்கால் வலி இருப்பவர்கள் வீட்டுக்குள்ளேயே நடக்கலாம்.)

படி 3: வேகத்தைக் குறையுங்கள். புதியவர்கள் பலர் கோட்டை விடுவது இங்கேதான். மூச்சு வாங்கும் அளவுக்கு உழைத்தால் பெரும்பாலானோருக்கு அந்த நேரமே கசந்துவிடும்; கசந்ததை மனம் அடுத்த நாள் தள்ளிப்போடும். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது: அதுவே சரியான வேகம். இதய நோய், நீரிழிவு இருந்தால் மருத்துவரைக் கேட்டபின் தொடங்குங்கள்.

படி 4: ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் அதே நேரத்துக்குக் கிளம்புங்கள். இரட்டிப்பாக நடந்து ஈடுகட்ட வேண்டாம். '21 நாளில் பழக்கம் வந்துவிடும்' என்பதையும் நம்ப வேண்டாம். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வில் பழக்கம் படியச் சராசரியாக 66 நாட்கள் ஆயின. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாட்கள் வரை வேறுபட்டது. ஒரு நாள் தவறியதால் பெரிய சேதம் எதுவும் இல்லை.

படி 5: யோசிக்காமலே கால் பூங்காவுக்குப் போகத் தொடங்கிய பிறகு நிமிடங்களைக் கூட்டுங்கள். பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிட மிதமான உடலுழைப்பாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதாவது 30 நிமிடம் வீதம் ஐந்து நாள்.