ஈசூனில் ஒரு ஷெல்ட்டி வளர்க்க

மின்தூக்கி மணி அடித்தால் போதும், எங்கள் வீட்டு நாய் மணியும் குரைக்கத் தொடங்கிவிடுவான். சிங்கப்பூரின் ஈசூனில் பதினோராவது மாடி. அவன் ஷெட்லண்ட் ஷீப்டாக், சுருக்கமாக ஷெல்ட்டி. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் வளர்க்க அனுமதியுள்ள இனம்தான், ஆனால் வீட்டுக்கு ஒரு நாய் மட்டுமே. உரிமம் மறக்காதீர்கள்.

குரைப்பை அடக்கும் முன் அதன் ஊரைத் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்காட்லாந்துக்கு வடக்கே, காற்று ஓயாத ஷெட்லண்ட் தீவுகள். அங்கே ஆடுகள் பயிரில் வாய் வைக்காமல் குரைத்து விரட்டுவதுதான் இவனுடைய பாட்டன்மாருக்கு வேலை. பண்ணைக்கு அங்கே 'டூன்' என்று பெயர், அதனால் நாய்க்கு 'டூனி'. 1909இல் நாய் இனங்களைப் பதிவு செய்யும் பிரிட்டிஷ் கெனல் கிளப் 'ஷெட்லண்ட் கோலி' என்று ஏற்றது. கோலி என்ற வேறு மேய்ப்பு நாய் இனத்தை வளர்ப்பவர்கள் சண்டைக்கு வர, 1914இல் இப்போதைய பெயர் வந்தது. ஆக, குரைப்பது அவனுக்குப் பரம்பரை உத்தியோகம்.

நான் ஆறு மாதம் அதட்டிப் பார்த்தேன். நானும் கூடச் சேர்ந்து குரைக்கிறேன் என்று நினைத்திருப்பான். அப்புறம்தான் வழி மாற்றினேன். மகள் மின்தூக்கியில் ஏறி இறங்குவாள். மணிச் சத்தம் கேட்டதும், இவன் வாய் திறப்பதற்குள், அவித்த கோழித் துண்டு ஒன்று. தினம் பத்துத் தடவை, மூன்று வாரம். இப்போது மின்தூக்கி மணி அடித்தால் கதவைப் பார்ப்பதில்லை, என் கையைப் பார்க்கிறான். இரண்டு குரைப்பு மிச்சம் இருக்கிறது. இருக்கட்டும்.

பிள்ளைகள் ஓடினால் குதிகாலைக் கவ்வ வருவான். அவனுக்கு அதுவும் ஆடுதான். உடனே ஆட்டத்தை நிறுத்திப் பந்தைக் கொடுங்கள்.

நம் வெக்கைக்குப் பாவம் என்று மொட்டை மட்டும் அடித்துவிடாதீர்கள். மேலே முரட்டு முடி, அடியில் பஞ்சு. மழித்தால் பழையபடி வளராமல் போகலாம், தோலில் வெயிலும் நேராகப் படும். வாரம் இரண்டு முறை, லேசாகத் தண்ணீர் தெளித்து, வகிடு எடுத்து அடிமுடிவரை சீவுங்கள். காதுக்குப் பின்னால்தான் சிக்கு விழும். நடை விடிவதற்கு முன்னால், இல்லையென்றால் இரவில். பகலில் அவனாகவே குளியலறைத் தரையில் போய்ப் படுத்துக்கொள்வான்.

ஒன்று மட்டும் விளையாட்டல்ல. இந்த இனத்தில் சில நாய்களுக்கு எம்டிஆர்1 என்ற மரபணுக் கோளாறு உண்டு. அவற்றுக்கு ஐவர்மெக்டின் என்ற ஒட்டுண்ணி மருந்தின் அளவு கூடினால் மூளையைப் பாதிக்கும். உண்ணிக்கோ சொறிக்கோ நீங்களாக மருந்து வாங்கிக் கொடுக்காதீர்கள்; மருத்துவரிடம் மரபணுச் சோதனை கேளுங்கள். மணியின் மருத்துவ அட்டையில் 'ஷெல்ட்டி, மருந்துக்கு முன் கேட்கவும்' என்று சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறேன்.