பட்டாளத்துக்குப் போனவரின் வீட்டைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரண்டாம் உலகப் போரில் காணாமற்போன நம் ஊர்ச் சிப்பாய்களின் குடும்பங்களைத் தேடும் வேலைக்குப் புதிதாகச் சிலர் வந்திருக்கிறார்கள். உடல் கிடைக்காதவர்களின் பெயர்களைக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் கல்லில் பொறித்து வைத்திருக்கிறது. எல்லா நாட்டவரும் சேர்த்து, பர்மாவில் தவுக்யானில் உள்ள ரங்கூன் நினைவிடத்தில் ஏறத்தாழ 27,000 பெயர்கள். சிங்கப்பூர் கிராஞ்சியில் 24,000-க்கு மேல். பதிவேட்டில் சிப்பாயின் எண், படைப்பிரிவு, பலருக்கு அப்பா பெயரும் ஊரும் மாவட்டமும் இருக்கும். அதை வைத்து வீட்டைக் கண்டுபிடித்துச் செய்தி சொல்ல வேண்டும், அவ்வளவுதான் வேலை.

போன மாதம் புதியவர் ஒருவரோடு வேலூர்ப் பக்கம் போனேன். பல வருடங்களுக்கு முன் நான் அடித்த அதே கூத்தை அவரும் அடித்தார். அதனால்தான் இது. எண்ணைச் சரிபார், பெயரை ஒழுங்காக எழுது என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன்.

மாவட்டத்தைப் பார்த்து பஸ் ஏறுவது

பதிவேட்டில் உள்ளது அந்தக் காலத்து மாவட்டம். வட ஆற்காடு 1989-இல் இரண்டானது. அதில் மிஞ்சிய வேலூர் 2019-இல் மூன்றானது. இராமநாதபுரத்தை 1985-இல் பிரித்தார்கள். திருத்தணி 1960 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. பழைய தாலுகா வரைபடம் கையில் இல்லாமல் கிளம்பினால் பஸ் காசு தண்டம்.

மாடனா, மதனா

பதிவேட்டு ஆங்கிலத்தில் இரண்டுமே Madan என்றுதான் இருக்கும். திருநெல்வேலிக்காரர் என்றால் முதலில் மாடன் என்று கேளுங்கள்.

பதிலைக் கேள்விக்குள் வைத்துக் கேட்பது

இதை நினைத்தால் இன்னும் எரிச்சலாக வரும், என் மேலேயே.

பெயரை முனுசாமி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊர் புதூர், மாவட்டம் வட ஆற்காடு, பெயர் இருப்பது ரங்கூன் நினைவிடத்தில். டீக்கடையில் நின்று, "இங்கே முனுசாமின்னு பர்மாச் சண்டையில செத்தவர் வீடு எது?" என்று கேட்டேன். கடைக்காரர் ஒரு வீட்டுக்கு அழைத்துப் போனார். எழுபதைத் தாண்டிய அம்மா. அவர் வயிற்றில் இருக்கும்போதே அப்பா பட்டாளத்துக்குப் போய்விட்டாராம். கடைசிவரை அவருடைய தாய் பொட்டை அழிக்கவில்லையாம்.

அப்பா பர்மாவிலா இறந்தார் என்றேன். ஆமாம் தம்பி என்றார். சாப்பர்ஸ் பட்டாளமா (பாலம், பாதை போடும் படைப்பிரிவு)? ஆமாம். பதிவேட்டில் இருந்த தாத்தா பெயரையும் நானே வாசித்துக் காட்டி, சரிதானே என்றேன். அதற்கும் தலையாட்டினார். எல்லாமே என் வாயிலிருந்து போனவை. அவர் தானாகச் சொன்னது ஒன்றுகூட இல்லை. எழுபது வருடமாக ஒரு சேதிக்குக் காத்திருந்தவர் வேறென்ன சொல்வார்? கல்லில் பெயர் உள்ள போட்டோவைக் கொடுத்துவிட்டு, பெரிய காரியம் முடித்த நினைப்பில் ஊர் திரும்பினேன். அவர்கள் அதைச் சட்டம் போட்டு மாட்டி, அமாவாசைக்குப் படையலும் போட்டார்கள்.

எட்டு மாதம் கழித்து இன்னொரு புதூர். இப்போது அது திருவண்ணாமலை மாவட்டம். அங்கே ஒரு டிரங்குப் பெட்டியின் அடியில் பழுப்பேறிய கடித உறை. அனுப்பியவர் பெயருக்கு முன்னால் பதிவேட்டில் இருந்த அதே எண். உறையைக் கையில் வைத்துக்கொண்டு எனக்கு வியர்த்துவிட்டது.

திரும்பப் போய்ச் சொல்லாமல் இருக்க முடியுமா? சொன்னேன். அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்போ எங்கப்பா எங்க?" என்று கேட்டார். போட்டோவைத் திருப்பிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இப்போதெல்லாம், "உங்க வீட்ல யாராவது பட்டாளத்துக்குப் போனாங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டுச் சும்மா இருக்கிறேன். அப்பா பெயர், கூடப் போனவர், கடைசியாக வந்த கடிதம், என்ன பட்டாளம்: இவற்றில் குறைந்தது இரண்டு நான் சொல்லாமல் அவர்கள் வாயிலிருந்து வந்து, பதிவேட்டோடு பொருந்த வேண்டும். அதுவரை போட்டோ பையை விட்டு வெளியே வராது. கூட வரும் உள்ளூர்க்காரரிடமும் விவரத்தைச் சொல்லாதீர்கள். அவர் வாசலிலேயே சத்தம் போட்டுச் சொல்லிவிடுவார்.

மகன், பேரனை மட்டும் தேடுவது

போனவர்களில் பலருக்குக் கல்யாணமே ஆகியிருக்காது. அண்ணன் தம்பி வீட்டைப் பாருங்கள். அக்காள் தங்கையைக் கட்டிக்கொடுத்த ஊரையும் விடாதீர்கள். கடிதங்கள் அங்கேதான் எனக்கு அதிகம் கிடைத்திருக்கின்றன. வாரிசுச் சான்றிதழ் வாங்கும் நினைப்போடு போனால் இவர்கள் கண்ணிலேயே பட மாட்டார்கள்.

தேதி

குடும்பத்தார் முதலில் கேட்பது திதி. மலேயாப் போரில் போன பலருக்குப் பதிவேட்டில் 15 பிப்ரவரி 1942 என்றிருக்கும். அது சிங்கப்பூர் சரணடைந்த நாள். அன்றுதான் உயிர் போனது என்று அடித்துச் சொல்லாதீர்கள்.

சயாம் ரயில்

போரின்போது சயாமிலிருந்து பர்மாவுக்குத் தண்டவாளம் போட ஜப்பானியர்கள் மலேயாவிலிருந்து கொண்டுபோன தோட்டத் தொழிலாளர்கள் சிப்பாய்கள் அல்ல. அவர்கள் பெயர் இந்தப் பதிவேடுகளில் இல்லை. கேட்டால் அதை உடனே சொல்லிவிடுங்கள், தேடிப் பார்க்கிறேன் என்று இழுக்காதீர்கள்.

பணம்

அந்தப் பேச்சையே எடுக்காதீர்கள்.