டிஸ்சார்ஜுக்குப் பிறகும் நடை நிற்காமல் இருக்க

மனநல வார்டில் தினமும் நடந்தவர், வீட்டுக்கு வந்த பத்தே நாளில் கட்டிலை விட்டு எழ மாட்டார். அதைச் சோம்பேறித்தனம் என்று திட்டாதீர்கள். வார்டில் நர்ஸ் கூப்பிடுவார், கூட நாலு பேர் நடப்பார்கள். மனச்சிதைவு நோயில் ஒன்றைத் தொடங்கும் உந்துதலே குறைந்துபோகும். அந்தத் தொடக்கத்தைத்தான் வீட்டார் கொடுக்க வேண்டும்.

முதல் வேலை, டிஸ்சார்ஜ் அன்றே எடை, இடுப்புச் சுற்றளவு, பிரஷர், வெறும் வயிற்றுச் சர்க்கரை நான்கையும் நோட்டில் எழுதுவது. மனச்சிதைவுக்குக் கொடுக்கும் ஒலான்சபின், க்ளோசபின் மாத்திரைகள் இரண்டும் எடையை ஏற்றும். மூன்று மாதம் கழித்து ஒப்பிட இந்தக் கணக்கு தேவை.

அடுத்தது நேரம். பெரும்பாலான வீடுகளில் சறுக்குவது இங்கேதான். நடை என்றாலே விடியற்காலை என்று பழகிவிட்டோம். இரவில் ஒலான்சபினோ, அதே வகை மாத்திரையான க்வெட்டியாபினோ போட்டவருக்குக் காலை எட்டு, ஒன்பது மணி வரைக்கும் தலை பாரமாக இருக்கும். ஐந்தரைக்கு எழுப்பினால் சண்டைதான் வரும். சட்டென்று எழுந்தால் பிரஷர் இறங்கி விழவும் கூடும். மாலை நடையே நல்லது. டீ குடித்த டம்ளரைக் கழுவி வைத்ததும் செருப்பு மாட்ட வேண்டும். கடிகாரத்தைவிட டீ நன்றாக ஞாபகப்படுத்தும்.

முதல் வாரம் பத்தே நிமிடம்: போக ஐந்து, வர ஐந்து. "இன்னும் நடக்கிறேன்" என்றாலும் திரும்பிவிடுங்கள். வாரம் ஐந்து நிமிடம் கூட்டினால் ஐந்தாம் வாரம் அரை மணி நேரம். வாரத்துக்கு ஐந்து நாள் நடந்தால் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் 150 நிமிடம் வந்துவிடும். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் வேகம். நாடித்துடிப்பு காட்டும் வாட்ச் வேண்டாம். படபடப்பு, நடுக்கத்துக்கான ப்ரொப்ரனலால் மாத்திரை சாப்பிடுபவருக்கு எவ்வளவு நடந்தாலும் துடிப்பு குறைவாகவே காட்டும்.

முதல் மாதம் கூடவே ஒருவர் நடக்க வேண்டும். அப்போது மாத்திரை, வேலை, கல்யாணப் பேச்சு எதுவும் கூடாது. தெருவில் விசாரிப்பார்களே என்று கூசினால் வேறு தெருவுக்குப் போங்கள். தற்கொலை எண்ணம் இருந்த ஒருவரை மொட்டை மாடியில் நடக்க விடாதீர்கள்.

சுவரில் மாதக் காலண்டர், கயிற்றில் ஒரு பேனா. டிக் அடிப்பது அவர் கையாலேயே இருக்கட்டும். செல்போன் ஆப்பைவிட இது மேல், வீட்டில் எல்லோர் கண்ணிலும் படும். இரண்டு நாள் விட்டுப்போனால் அதைப் பேசாமல், மூன்றாம் நாள் மறுபடி பத்து நிமிடத்திலிருந்து தொடங்குங்கள்.

மனநிலை ஏற்ற இறக்கத்துக்கான லித்தியம் மாத்திரை சாப்பிடுபவர் தண்ணீர் தாராளமாகக் குடிக்க வேண்டும், உப்பைத் திடீரென்று குறைக்கக் கூடாது. வாந்தி, பேதி, கை நடுக்கம் அதிகமாவது, தள்ளாட்டம் வந்தால் அன்றே மருத்துவமனை. மனநோய் மாத்திரையால் வரும் விறைப்பு, நடுக்கத்துக்குக் கொடுக்கும் ட்ரைஹெக்சிஃபெனிடில் வியர்வையைக் குறைக்கும், ஆகவே வெயிலில் நடை வேண்டாம். க்ளோசபின் தொடங்கிய முதல் வாரங்களில் நெஞ்சுவலி, மூச்சிரைப்பு, காய்ச்சல் வந்தால் நடையை நிறுத்தி உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

பின்சேர்க்கை: உட்கார முடியாமல் கால் பரபரத்து நடந்துகொண்டே இருந்தால், ஆர்வம் வந்துவிட்டது என்று மகிழ வேண்டாம். மாத்திரையின் பக்கவிளைவாக இருக்கலாம். நடையைக் கூட்டினால் தீராது. மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். என்ன செய்வதென்று தெரியாத இரவில் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, 24 மணி நேரமும் உண்டு.