வேட்பாளரைத் திட்டி வரும் வாட்ஸ்அப் ஃபார்வர்டு: என்ன பார்ப்பது, எங்கே சொல்வது

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் உங்கள் தெருவுக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, மாங்காய் விலை சரிந்தபோது எம்.எல்.ஏ. என்ன செய்தார் என்று ஊர்க் குழுவில் தாராளமாகக் கேளுங்கள். தேர்தல் நடத்தை விதிகள் கொள்கை, திட்டம், கடந்தகாலச் செயல்பாடு ஆகியவற்றை விமர்சிக்கத் தடை போடவில்லை. குடும்ப விவகாரம், சாதி, மதம் பக்கம் போனால்தான் வம்பு.

"அவர் மேல் இத்தனை வழக்கு" என்று வந்தால் படிவம் 26-ஐத் திறந்து பாருங்கள். வேட்புமனுவோடு தரும் இந்தப் பிரமாணப் பத்திரத்தில் வழக்கு, சொத்து, கடன், படிப்பு எல்லாம் இருக்கும். தேர்தல் ஆணைய இணையதளத்தில் கிடைக்கும். பெயரை மட்டும் நம்பாதீர்கள். அதே பெயரில் சுயேச்சைகள் நிற்பது நம்மூரில் புதிதல்ல. தொகுதி பாலக்கோடா பென்னாகரமா, தந்தை பெயர் என்ன என்று ஒப்பிடுங்கள்.

இரட்டை அம்புக்குறி இருந்தால் பல கை மாறி வந்த செய்தி. அனுப்பியவரே எழுதியதல்ல, அவரிடம் சண்டை வேண்டாம்.

புகாரில் பலர் தவறுவது இங்கேதான்: தேர்தல் ஆணையத்தின் புகார் செயலியான சி-விஜிலில் அங்கேயே எடுத்த படமோ 2 நிமிட வீடியோவோதான் ஏறும், கேலரியில் இருப்பது ஏறாது. பணப் பட்டுவாடாவுக்கு அது சரி. வாட்ஸ்அப் அவதூறுக்கு எண், தேதி, நேரம் தெரியும் ஸ்கிரீன்ஷாட்டோடு மாவட்டத் தேர்தல் அலுவலரான ஆட்சியரிடம் எழுத்தில் கொடுங்கள். வழி தெரியாவிட்டால் வாக்காளர் உதவி எண் 1950-ஐ அழையுங்கள். மூலச் செய்தியை அழித்துவிடாதீர்கள்.