டீ பாக்கெட்டில் இருக்கும் இங்கிலீஷ் எழுத்துகளைப் படிப்பது எப்படி?

குன்னூர், கோத்தகிரி பக்கம் வருகிறவர்கள் டீத்தூள் வாங்காமல் மலை இறங்குவதில்லை. ஆனால் பாக்கெட்டில் பி.ஓ.பி., எஸ்.ஆர்.டி. என்று இருப்பதைப் பார்த்ததும் குழம்பிப்போய்க் கடைக்காரர் கொடுப்பதையே வாங்கிக்கொள்கிறார்கள், அப்புறம் வீட்டில் பால் ஊற்றினால் டீ வெளுத்துக் கிடக்கிறது.

முதலில் ஆர்த்தோடாக்ஸா, சி.டி.சி.யா என்று பாருங்கள். ஆர்த்தோடாக்ஸ் என்றால் இங்கே பழைய முறையில் இலையை ரோலரில் முறுக்கிச் செய்தது. நீலகிரி ஆர்த்தோடாக்ஸ் டீக்குப் புவிசார் குறியீடும் உண்டு. சி.டி.சி. என்பது கிரஷ், டேர், கர்ல். நசுக்கி, கிழித்து, சுருட்டுவது. 1930களில் அசாமில் வந்த முறை. பல் வைத்த இரண்டு உருளைகள் எதிரெதிரே வெவ்வேறு வேகத்தில் சுற்ற, நடுவில் போகும் இலை குருணையாக வெளியே வரும்.

சரி, எழுத்துகளுக்கு வருவோம். இவை இலையின் அளவையும் தோற்றத்தையும்தான் சொல்கின்றன, ருசியை அல்ல. எழுத்து எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்த்தால் பாதி வேலை முடிந்தது. பி.ஓ.பி. என்று கடைக்காரர் சொன்னால் நம் காதுக்கு இரண்டு பி-யும் ஒன்றுதான், ஆனால் முதல் பி புரோக்கன், அதாவது உடைந்த இலை, கடைசி பி பீகோ. பீகோ சீன மொழியிலிருந்து வந்த சொல், இளம் மொட்டின்மேல் இருக்கும் மெல்லிய வெள்ளை முடியைக் குறித்தது. நடுவில் நிற்கும் ஓ ஆரஞ்சு. பழத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அந்த வாசனையை எதிர்பார்த்து வாங்காதீர்கள். எஃப் முன்னால் வந்தால் ஃபிளவரி, இதுவும் பூ வாசனை இல்லை, நுனிக்கொழுந்து சேர்ந்தது என்பதுதான் பொருள். அதே எஃப் கடைசியில் வந்தால் ஃபேனிங்ஸ், சலிக்கும்போது கீழே விழும் சின்னத் துணுக்கு. அதனால்தான் எஃப்.ஓ.பி. முழு இலை, பி.ஓ.பி.எஃப். பொடிக்குருணை.

டஸ்ட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஆர்.டி. ரெட் டஸ்ட், எஸ்.ஆர்.டி. சூப்பர் ரெட் டஸ்ட், எஸ்.எஃப்.டி. சூப்பர் ஃபைன் டஸ்ட் (இங்கே எஃப் ஃபைன்). டஸ்ட் என்றதும் தரையில் கூட்டிய தூசி என்று நினைக்கிறவர்கள் நிறைய. அம்மா கொழுந்து பறித்துத்தான் என்னைப் படிக்க வைத்தார், அதைக் குப்பை என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்காது. அதே கொழுந்துதான், சல்லடையில் கடைசியாக இறங்குகிறது, அவ்வளவுதான். பொடியாக இருப்பதால் சாறு சீக்கிரம் இறங்கும், நிறமும் கடுப்பும் கூடும்.

ஆகவே பால் டீக்கு சி.டி.சி. டஸ்ட், இல்லையென்றால் பி.ஓ.பி.எஃப்.; நன்றாகக் கொதிக்க விடலாம். பால் இல்லாமல் குடிக்க ஆர்த்தோடாக்ஸ் எஃப்.ஓ.பி., இதைக் கொதிக்க வைக்காதீர்கள், வெந்நீர் ஊற்றி 3 அல்லது 4 நிமிடம் மூடி வைத்து வடிகட்டுங்கள். சில்லறையாக வாங்கினால் ஒரு சிட்டிகையை வெள்ளைக் காகிதத்தில் கொட்டிக் காட்டச் சொல்லுங்கள். பி.ஓ.பி. என்று சொல்லிவிட்டுப் பொடியும் பழுப்பு நாரும் கலந்து கிடந்தால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.